படமில்லாத ஒன்பது நாள்

அன்புள்ள கோமுவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்த பிறகு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம், தெருவில் தண்ணீர் வண்டி வந்ததும் குடங்கள் உருளுகிற சத்தம், எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் மண்டைக்குள் நீ சொன்னதுதான் ஓடியது. "அப்பா, ஒங்க பழைய தாள்ல ஒரு விஷயம் கெடச்சிருக்குப்பா. ஒலகத்துல யாருமே பாக்காதது. என் ஆராய்ச்சிக் கட்டுரையில ஒங்க பேரையும் சேத்துப் போட்டிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க, போதும்." உன் அம்மா போன பிறகு நீ இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதைக் கெடுக்க மனசு வராமல் "சரி மக்கா, பாக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் வழக்கமாகச் செய்கிற காரியம்தான் அது. இந்தக் கடிதத்தை முடிக்கும்போது உனக்கே அது புரியும்.

நான் சரி என்று எழுதப்போவதில்லை கோமு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த ஒன்பது நாளை வைத்து நீ கட்டுரை எழுதியிருக்கிறாயோ, அந்த ஒன்பது நாளும் நம் மிஷின் ஓடவில்லை. அந்தத் தாளில் இருக்கிற எண்கள் வானத்திலிருந்து வந்தவை இல்லை. நான் வீட்டில் மேஜை முன்னால் உட்கார்ந்து, பென்சிலைச் சீவிச் சீவி இட்டுக்கட்டியவை. உலகத்தில் எல்லா ஊர் வானமும் சூரியனிலிருந்து வந்த காந்தப் புயலில் கலங்கிக் கிடந்தபோது நம்ம பக்கத்து வானம் மட்டும் அசையாமல் இருந்தது என்று நீ கண்டுபிடித்திருக்கிறாய். அசையாமல் இருந்தது வானம் இல்லை, உன் அப்பாவின் பென்சில். இந்தக் கட்டுரையை நம்பித்தான் உன் நிரந்தர வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக நாடு நாடாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தில் நீ அலைந்ததும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இதை மூடிய கவருக்குள் வைத்து உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பொய்யை எழுதியது ஊருக்கும் உலகத்துக்கும் பொதுவான தாளில். அதனால் இதையும் எல்லாரும் வாசிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு பிரதி போகிறது. மேலநீலிதநல்லூரில் ஒரு வீட்டுக்கும் ஒன்று போகிறது. அது யார் வீடு என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

என் வேலை எப்படித் தொடங்கியது என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்கும்போதெல்லாம் ஒரே கதையைச் சொல்லுவேன், ஞாபகம் இருக்கிறதா? இங்கே பார்க்கில் ஒரு ரேடியோ இருந்தது. கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டி, சாயங்காலம் செய்தியும் பாட்டும் போடுவார்கள். கோயில் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா செய்தி கேட்கப் போவார், நானும் கூடப் போவேன். பகலில் கரகரவென்று கிடக்கிற தூரத்து ஸ்டேஷன்கள் பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி தெளிவாக வரும். ஏன் என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் "காத்து அடங்கிருச்சுல்லா, அதான்" என்பார்கள். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெயில் மேலே இருக்கிற காற்றை உடைத்து, மின்சாரம் ஏறின ஓர் அடுக்கை உண்டாக்குகிறது, ரேடியோ அலை அதில் மோதித்தான் பூமிக்குத் திரும்பி வருகிறது என்று வாத்தியார் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றைக்கு நான் ஹாஸ்டலில் சாப்பிடக்கூட மறந்துவிட்டேன். இந்தக் கதையில் பொய் ஒன்றும் இல்லை. அப்போது நான் உண்மையிலேயே நல்ல பையன்தான்.

இந்தப் பக்கத்தில் அந்த அயனி மண்டலத்தை அளக்க வந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருவன். காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கிற கோடு நம் சீமை வழியாகப் போகிறது. அதனால் இங்கே எடுக்கிற அளவுக்கு வெளிநாட்டில் ஏகப்பட்ட மதிப்பு. திருவேங்கடம் போகிற வழியில் கரிசல் காட்டுக்கு நடுவே இரண்டு உயரமான கம்பம், ஒரு ஓட்டுக் கட்டடம், உள்ளே பீரோ அளவுக்கு ஒரு மிஷின். கால் மணிக்கு ஒரு தரம் அது வானத்துக்கு அலையை அனுப்பும். குறைந்த அதிர்வெண்ணிலிருந்து தொடங்கி ஏறிக்கொண்டே போகும். ஓர் எண் வரைக்கும் அலை மோதித் திரும்பும், அதற்கு மேல் அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அது எல்லாம் பிலிமில் ஒரு வளைகோடாக விழும். பிலிமைக் கழுவி, விளக்கில் வைத்து வாசித்து, எந்த எண்ணில் துளைத்தது என்று தாளில் மணிக்கு ஒன்றாக எழுதுவதுதான் என் வேலை. மிஷின் அலையை விடும்போதெல்லாம் சுற்றுப்பட்டியில் ஓடுகிற ரேடியோக்களில் 'உய்ய்ங்' என்று ஓர் இழுப்பு இழுக்கும். காட்டு வேலைக்காரர்கள் அதை வைத்தே மணி சொல்லுவார்கள்.

தாளைப் பற்றி ஒரு விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கடிதத்தை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அதில் ஒரு கட்டத்தையும் வெறுமனே விடக்கூடாது. எண்ணை வாசிக்க முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்து எழுத வேண்டும். கோடு கலைந்து கிடந்தால் ஓர் எழுத்து, அலையை நடுவழியில் வானம் தின்றுவிட்டால் ஓர் எழுத்து, மிஷினே ஓடவில்லை என்றால் 'சி'. எனக்குத் தெரிந்து உலகத்தில் எந்த ஆபீஸிலும் 'எனக்குத் தெரியவில்லை, காரணம் இது' என்று எழுதுவதற்கு இவ்வளவு மரியாதையான ஏற்பாடு கிடையாது. தாளின் அடியில் இரண்டு பேர் பெயர் எழுதுவோம். மிஷினைப் பார்த்தவர் என்று ஒன்று, வாசித்தவர் என்று ஒன்று. மிஷினைப் பார்த்தவர் சுடலைமுத்து. வாசித்தவன் நான்.

சுடலைமுத்துவை நீ பார்த்ததில்லை. உனக்கு அவர் பெயரை நான் சொன்னதும் இல்லை. மேலநீலிதநல்லூர்க்காரர், ஆடு மேய்க்கிற குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர், ஆனாலும் நான் 'என்ன வே சுடலை' என்றுதான் கூப்பிடுவேன். அவர் எனக்கு 'ஸார்' போடுவார். மின்சார வேலை எங்கேயோ எடுபிடியாகக் கற்றுக்கொண்டு வந்தவர், தற்காலிக ஆளாகச் சேர்ந்து ஏழு வருஷம். அந்த வருஷம் அவரை நிரந்தரமாக்க ஆபீஸில் காகிதம் நகர்ந்துகொண்டிருந்தது. மிஷினுக்குச் சளி பிடித்தால்கூட அவருக்குத் தெரியும் என்று கேலி செய்வோம். ஒரு லாக் புத்தகம் வைத்திருந்தார். மிஷின் எப்போது ஓடியது, எப்போது நின்றது, இடி மின்னல், கரண்டு போனது, எல்லாவற்றையும் தமிழில் குண்டு குண்டாக எழுதுவார். வேலை இல்லாத நேரத்தில் தன் டிரான்சிஸ்டரைத் திருகி, எந்த ஸ்டேஷன் எப்படி எடுக்கிறது என்று அதையும் எழுதி வைப்பார். "எதுக்குவே இதெல்லாம்? யாரு வாசிக்கப் போறா?" என்று நான் சிரித்தேன். "நாம பாத்தத நாம எழுதிப் போடுவோம் ஸார். வாசிக்கவன் வாசிக்கட்டும்" என்றார்.

நான் அப்போது ஒரு வெறியில் இருந்தேன். ஒரு வருஷம் முழுக்க, ஒரு கட்டத்தில்கூட 'சி' விழாமல் பதிவு எடுத்துக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், அந்தத் தாள்களைத்தான் கூட வைத்து அனுப்பப்போகிறேன் என்று எழுதியும்விட்டேன். பத்து மாதம் அப்படியே ஓடிவிட்டது. வாரத்துக்கு ஒரு தரம் மிஷினை நிறுத்தித் தூசி தட்டி ஆற விட வேண்டும். நிறுத்தினால் கட்டத்தில் 'சி' விழும் என்று நான் நிறுத்தவிடவில்லை. ஆனி மாசக் கடைசியிலேயே சுடலைமுத்து சொன்னார். "ஸார், வால்வு ரொம்பக் கொதிக்கி. ஒரு மணி நேரம் அமத்திப் போடுவோம். தாங்காது, பாத்துக்கிடுங்க." நான், "ஓடுத மிஷின எதுக்குவே அமத்தணும்? நீரு ஒம்ம வேலையப் பாரும்" என்றேன். ஆடி மாசம் அந்தக் கண்ணாடிக் குழல் வால்வு எரிந்துபோயிற்று. தந்தி அடித்துப் புது வால்வு ரயில் பார்சலில் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளில்தான் அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழா வந்தது. ஊரெல்லாம் ஜனம். பனவடலிசத்திரம் பக்கமிருந்தும் எங்கெங்கோ இருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து, விளைந்த வற்றலையும் பருத்தியையும் அம்மனுக்குப் போட்டுவிட்டுப் போகிற கூட்டம். உன் அம்மா பிள்ளை வேண்டிக் கோயிலைச் சுற்றி ஆடிச்சுற்று சுற்றப் போயிருந்தாள். நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மேஜையில் தாளை விரித்தேன். முந்தின வாரத்து எண்ணையும் முந்தின மாதத்து எண்ணையும் எடுத்துக் கூட்டிச் சராசரி போட்டேன். சராசரியை அப்படியே எழுதினால் அசடுகூடக் கண்டுபிடித்துவிடும் என்று அங்கங்கே கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்தேன். வானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்கிற திமிர். வெளியே கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உன் அம்மா கால் வீங்கித் திரும்பி வந்தபோது நான் மூன்று நாளை முடித்திருந்தேன். "என்ன எழுதுதீக?" என்றாள். "ஆபீஸ் வேலை" என்றேன்.

மாதக் கடைசியில் ஆய்வுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஆள் கண்டிப்பானவர். என் தாளையும் சுடலைமுத்துவின் லாக் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் ஒன்பது நாளும் எண், இன்னொன்றில் ஒன்பது நாளும் 'மிஷின் ஓடவில்லை'. பிலிம் எங்கே என்று கேட்டார். நான் அதற்கு முன்பே பதில் யோசித்து வைத்திருந்தேன். கிணற்றில் தண்ணீர் இல்லை, சரியாகக் கழுவ முடியாமல் பிலிம் கெட்டுப்போயிற்று, ஈரத்தோடு விளக்கில் வைத்து அவசரமாக வாசித்து எழுதிவிட்டேன் என்றேன். அந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம் உண்மை, அதனால் பொய் நன்றாக நின்றது. நான் யோசிக்காத ஒன்று அடுத்து நடந்தது. பிலிம் கழுவுகிற வேலையும் சுடலைமுத்துவுடையது. அதிகாரி அவர் பக்கம் திரும்பி, "பிலிம நீ கெடுத்துட்டு, அத மறைக்க மிஷின் ஓடலன்னு எழுதி வச்சியா?" என்று கேட்டார்.

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட இல்லை, ஸார் இப்போது சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கைதான் முகத்தில் இருந்தது. "ஸாருக்குத் தெரியும், கேளுங்க" என்றார். அதிகாரி என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லக்கூட இல்லை கோமு, மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது போதுமானதாக இருந்தது. "எழுதினது தப்புன்னு ஒத்துக்கிட்டு அடிச்சுரு, பாக்கலாம்" என்று அதிகாரி சுடலைமுத்துவிடம் பேனாவை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "நான் எழுதுனது எழுதுனதுதான் ஸார். மிஷின் ஓடல" என்றார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தற்காலிக ஆள்தானே, ஒரு காகிதம்கூடத் தேவைப்படவில்லை.

ரெண்டு மாதம் கழித்து வேறு ஊர் நிலையங்களின் பதிவுகள் தபாலில் வந்தன. அந்த ஒன்பது நாளில் ரெண்டு நாள், ஒரு செவ்வாயும் புதனும், பெரிய காந்தப் புயல். எல்லா இடத்திலும் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கிக் கிடந்தன. என் தாளில் மட்டும் சாதுவாக இருந்தன. யாராவது ஒருவர் கேட்டுவிட மாட்டார்களா என்றும் இருந்தது, கேட்டுவிடுவார்களோ என்றும் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு நடு எண் எடுத்து அதை வைத்துத்தான் அப்போது எல்லாரும் கட்டுரை எழுதினார்கள், அதில் ரெண்டு நாள் கரைந்துபோகும். ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும், சுடலைமுத்துவும் திரும்பி வந்திருப்பார். எனக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டது, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு உனக்குத் தெரிந்த கதைதான். வெளிநாட்டில் மூன்று வருஷம், திரும்பி வந்து கட்டுரைகள், சால்வைகள், கடைசியில் அதே நிலையத்துக்குத் தலைவர். எங்கே போனாலும் 'ஒரு கட்டம் விடாத வருஷம்' என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். எழுந்து கும்பிடுவேன். மற்ற வருஷங்களில் நான் வாசித்ததெல்லாம் ஒழுங்கானது. முப்பது வருஷம் கண் கெட நேர்மையாகத்தான் வாசித்தேன். ஆனால் ஒரு குடம் பாலில் எது விழுந்தால் கெடுமோ அது முதலிலேயே விழுந்துவிட்டது. நான் வாசித்த மற்ற எண்களைக்கூட இனி ஒருவரும் நம்பக் கூடாது என்றுதான் நானே சொல்லுவேன்.

நீ பதினோராம் வகுப்பு படிக்கும்போது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஊசல் பரிசோதனையில் உன் கடிகாரம் நின்றுவிட்டது என்று பக்கத்துப் பிள்ளையின் அளவுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாய். நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் இருப்பேனா, அந்த வித்தையில் கை தேர்ந்தவன் அல்லவா. பக்கத்தைக் கிழித்து உன் கையில் கொடுத்து, மறுநாள் காலையில் கூடவே பள்ளிக்கூடத்துக்கு வந்து, டீச்சர் முன்னால் உன்னைச் சொல்ல வைத்தேன். "பாக்காதத பாத்தேன்னு எழுதுனா அவ என் மகளே இல்ல" என்று வேறு சத்தம் போட்டேன். நீ அழுதுகொண்டே நின்றாய். சாயங்காலம் உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். அவளுக்குக் கிடைக்கக்கூடாத ஒன்று பரணில் பெட்டிக்குள் கிடைத்திருந்தது. சுடலைமுத்துவின் லாக் புத்தகம். நிலையத்துக்குத் தலைவர் ஆனதும் எரித்துவிடலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன், எரிக்கவும் தைரியம் வரவில்லை. அவளுக்கு எப்படியோ விஷயம் முழுக்கப் புரிந்திருந்தது. "பிள்ளைய அங்கன கூட்டிட்டுப் போயி நிப்பாட்டுனீகளே. ஒங்கள யாரு கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சாகிற வரைக்கும் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அப்புறம் என் ஆபீஸ் விழாவுக்கு அவள் எதற்குமே வந்ததில்லை என்பதை நீ கவனித்திருப்பாய், கால் வலி என்று நான் சொன்ன காரணத்தையும் நம்பியிருப்பாய்.

சுடலைமுத்துவை நான் ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்ற வருஷம். மேலநீலிதநல்லூருக்கு வெளியே உடைமரத்து நிழலில் ஆடுகளோடு நின்றார். ஆள் இற்றுப்போயிருந்தார். "வாங்க ஸார்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மழையைப் பற்றிப் பேசினேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "ஸார், அந்தப் புஸ்தகத்துல நான் எழுதுனத அடிச்சுட்டாகளா?" இல்லை என்றேன். "சரி, அது போதும்" என்றார். அது என் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் அவர் இறந்துபோனதைக்கூட நான் தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். பேர் சொல்லி விசாரித்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும்.

நீ பேசின மறுநாள், திங்கட்கிழமை, அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். சுடலைமுத்துவின் சம்சாரம் பேச்சி இருக்கிறார்கள், வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொன்னதும் முறம் நின்றது. இந்தத் தடவை மழையைப் பற்றிப் பேசவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், புத்தகத்தில் அந்த ஒன்பது நாளையும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் அழவில்லை. "நீங்க சொல்லுத மிஷினு கிஷினு எனக்கு ஒண்ணும் வெளங்காது. அவுக பொய் எழுதலங்கது எனக்கு அன்னைக்கே தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. களவாணிப் பயன்னுல்லா சொன்னாக, பிலிமு களவாண்டு வித்துட்டான்னு. எம் பிள்ளைகளுக்கு அந்தப் பேரோடதான் பொண்ணு கேட்டேன்" என்றார்கள். நான், "என் மக பெரிய விஞ்ஞானி, அவ இத எல்லாருக்கும் சொல்லிருவா" என்றேன். பேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஒங்க மக எதுக்குச் சொல்லணும்? அவளா செஞ்சா? நீங்க சொல்லமாட்டீகளோ?" முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவும் இல்லை. அது சரிதான்.

அதனால் நான்தான் சொல்லுகிறேன். உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை கோமு. கட்டுரையைத் திரும்பப் பெற்றால் அந்த வேலை உனக்குக் கிடைக்காமல் போகலாம். உன் வயசுக்கு இன்னொன்று கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. என் மேல் உனக்கு வருகிற கோபத்தில் ஒரு பங்கைக்கூடக் குறைத்துக்கொள் என்று கேட்க மாட்டேன். நிரந்தரத்துக்குக் காத்திருந்த ஒருவரை முதலில் கெடுத்தேன், இப்போது இன்னொருவரையும். அந்த இன்னொருவர் நீ, அதற்காக நான் வருந்துவது உனக்கு எந்த விதத்திலும் உதவாது. ஒன்று மட்டும் சொல்லுகிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா இருந்துவிட்டால் போதும், ஒருவருக்கும் தெரியாது என்று உனக்கும் ஒரு நிமிஷம் தோன்றும். எனக்கும் பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அப்படித்தான் தோன்றியது. ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்தேன், நாற்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது.

இந்தக் கடிதம் இன்றைக்கே உன் போனுக்கு வந்துவிடும், புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒன்பது நாள் பக்கத்தையும் நிதானமாக வாசி. ஒவ்வொரு நாளும் ஒரே வரிதான், 'வால்வு வரவில்லை. மிஷின் ஓடவில்லை. படம் இல்லை.' ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையில் கீழே இன்னொரு வரி இருக்கிறது. 'டிரான்சிஸ்டரில் சிற்றலையில் கொழும்பு எடுக்கவில்லை. எந்த ஸ்டேஷனும் இல்லை. பேட்டரி புதுசு.' புதன்கிழமையிலும் அதே. வியாழக்கிழமை, 'மத்தியானத்துக்கு மேல் கொழும்பு வந்துவிட்டது, லேசாக.' நான் தபசுக் கொட்டுக்கு நடுவே சராசரி போட்டுக்கொண்டிருந்தபோது, செத்த மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அந்தப் புயலைப் பார்த்திருக்கிறார். அது புயல் என்று அவருக்குத் தெரியாது. பேட்டரியைச் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறார். அந்த ஒன்பது நாளுக்கு நம் நிலையத்திலிருந்து உலகத்துக்குக் கிடைத்த நிஜமான அளவு அந்த மூன்று வரிதான். அதை வைத்துக் கட்டுரை எழுத முடியுமா முடியாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அது உன் தொழில். எழுதினால் என் பேரை எடுத்துவிட்டு அவர் பேரைப் போடு. சுடலைமுத்து, ஒரே வார்த்தை, பிரிக்காமல் எழுது. தாளில் அந்த ஒன்பது வரிசையிலும் என் எண்களை அடித்துவிட்டு, மணிக்கு ஒரு 'சி' போடு. அவசரப்படாமல் எல்லாக் கட்டத்திலும் போடு, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

மிஷினைப் பார்த்தவர்: சுடலைமுத்து.
படமே இல்லாமல் வாசித்தவர்: உன் அப்பா.